'ரன்' என்ற குட்டிச் சொல்லுக்கு 645 பொருளா?

கடைசிபெஞ்ச்:
எல்லோருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக ஆங்கிலக் கதைகளை அகராதி துணையோடு படித்துவருகிறேன். பெரிய சொற்கள் என்னைப் படுத்துவதில்லை. 'ஃபோட்டோசிந்தசிஸ்' என்றால் ஒளிச்சேர்க்கை, அத்தோடு கதை முடிந்தது. என் உயிரை வாங்குவதெல்லாம் ரன், செட், கெட், டேக், புட் போன்ற பொடிசுகள்தான். ஒரே அத்தியாயத்தில் ஒரு பெண்மணி கம்பெனியை 'ரன்' செய்கிறார், அவருக்கு மூக்கு 'ரன்' ஆகிறது, தேர்தலில் 'ரன்' செய்ய நினைக்கிறார், அதற்குள் அவர் பணம் வைத்திருக்கும் வங்கியில் ஒரு 'ரன்' வந்துவிடுகிறது. யாரும் ஒரு அடிகூட ஓடவில்லை!

ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இந்த வினைக்கு மட்டும் 645 பொருள் என்று எங்கோ படித்தேன். நிஜமா? நிஜம் என்றால் அதையெல்லாம் எப்படித் தலையில் வைத்திருக்கிறார்கள்?

அகராதிப்பித்தன்:
நிஜம்தான். ஆனால் அந்த எண் எப்படி வந்தது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

ரொம்ப காலம் இந்தப் பட்டம் 'செட்' கையில்தான் இருந்தது. 1989இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 20 தொகுதிகளாக வந்தபோது, 'செட்' என்ற வினைக்கு மட்டும் 430 பொருள்கள். அந்தப் பதிவு ஏறக்குறைய 60,000 சொற்கள் நீளம். ஒரு சிறிய நாவல் அளவு! பிறகு மூன்றாம் பதிப்புக்கான திருத்த வேலை 2000இல் இணையத்தில் வெளிவரத் தொடங்கியது. ஏ எழுத்திலிருந்து அல்ல, எம் எழுத்திலிருந்து ஆரம்பித்தார்கள். அதனால் முதலில் 'மேக்' புதுப்பிக்கப்பட்டு 'செட்'டைத் தாண்டியது. 2007இல் 'புட்' அதையும் தாண்டியது. 2011இல் 'ரன்' வந்து 645 பொருளோடு உட்கார்ந்தது. பீட்டர் கிலிவர் என்ற அகராதியியலாளர் அந்த ஒரே வினையோடு சுமார் ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார்.

இதில் ஒரு சூட்சுமம். 2011இல் 'ரன்' ஜெயித்தபோது 'செட்' இன்னும் பழைய பதிப்பின் நிலையில்தான் இருந்தது. புதுப்பித்த பதிவையும் புதுப்பிக்காத பதிவையும் பக்கத்தில் வைத்து யார் பெரியவர் என்று கேட்பது நியாயமான போட்டி இல்லை.

இன்னொன்று, அது வரலாற்று அகராதி. ஒரு பொருள் வழக்கொழிந்துபோனாலும் அதை நீக்குவதில்லை. வழக்கிழந்தது என்று குறியிட்டு அப்படியே வைத்திருப்பார்கள். ஆயிரம் ஆண்டுச் சேகரிப்பு அது. 'ரன் அவுட்', 'ரன் டவுன்', 'ரன் அப்' போன்ற கூட்டுவினைகளும் அந்தப் பதிவுக்குள்ளேயே அடக்கம். இன்று வாழும் எந்த ஆங்கிலேயரின் தலையிலும் அந்த 645ம் இருக்காது.

குறும்பன்:
645 ரன். ஆல் அவுட் ஆகாமல் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.

வெண்மதி:
நான் மொழிபெயர்ப்புப் பிழைப்பில் இருப்பவள். எண்களை விட்டுவிட்டு நடைமுறையைச் சொல்கிறேன். 'ரன்' வந்தால் நான் 'ஓடு' என்று எழுதுவது எப்போதாவதுதான்.

கம்பெனியை அவர்கள் ஓட்டுகிறார்கள், நாம் நடத்துகிறோம். கவனியுங்கள், நட என்பதிலிருந்து வந்த நடத்து! அவர்கள் ஓடவிட்ட இடத்தில் நாம் நடக்கவிட்டிருக்கிறோம். பிரெஞ்சிலும் இயந்திரம் 'மார்ஷ்', அதாவது நடக்கிறது. வேலை செய்கிறது என்பதற்கே அவர்களிடம் அந்தச் சொல்தான். தமிழில் வண்டி ஓடும், கடிகாரம் ஓடும், படம் ஓடும், ஆனால் நாடகம் நடக்கும். ஏன் படம் ஓடுகிறது, நாடகம் நடக்கிறது என்று கேட்டால் என்னிடம் பதில் உண்டு: படச்சுருள் நிஜமாகவே ஓடியது. சுருள் போய்விட்டது, வினை தங்கிவிட்டது.

மூக்குக்கு நமக்கு 'ஒழுகு'. ஆறு ஓடும், மூக்கு ஒழுகும், சாயம் போகும், மை பரவும். இத்தனைக்கும் ஆங்கிலத்தில் ஒரே 'ரன்'. தேர்தலுக்குப் போட்டியிடு, வங்கிக்கு 'பணத்தை எடுக்க முண்டியடித்தார்கள்' என்று பிரித்து எழுதவேண்டியதுதான், ஒற்றைச் சொல்லுக்கு அங்கே வழியில்லை. காய்ச்சலை அவர்கள் 'ரன்' செய்கிறார்கள், நமக்குக் காய்ச்சல் அடிக்கிறது. எது விசித்திரம் என்று நீங்களே சொல்லுங்கள்.

குறும்பன்:
வெயில் அடிக்கும், காத்து அடிக்கும், மணி அடிக்கும், பெயின்ட் அடிக்கும், காப்பி அடிக்கும், சைட் அடிக்கும், போன் அடிக்கும், நாத்தம் அடிக்கும், போர் அடிக்கும். இதையெல்லாம் ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்து மனப்பாடம் செய்வதை நினைத்துப் பார்க்கிறேன். மனசு நிறைகிறது.

நிரல்காரன்:
645 என்பதை இயற்கையின் எண் மாதிரி பேசவேண்டாம் என்பது என் கட்சி. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் தொடங்கிய 'வேர்ட்நெட்' என்ற கணினிச் சொல் தொகுப்பில் 'ரன்' வினைக்கு 41 பொருள்தான். அதே சொல், அதே மொழி. ஒரு கூட்டம் 41 என்கிறது, ஒரு கூட்டம் 645 என்கிறது. அகராதிக்காரர்களில் இரண்டு சாதி: சேர்த்துக் கட்டுபவர், பிரித்து அடுக்குபவர். 'ஆறு ரன் ஆகிறது', 'குழாய் ரன் ஆகிறது' இரண்டும் ஒன்றா வேறா? உங்கள் கத்தி எவ்வளவு கூர்மை என்பதைப் பொறுத்தது.

ஆடம் கில்கரிஃப் என்ற கணினி மொழியியலாளர் 1997இல் தன் கட்டுரைக்குத் தலைப்பே 'சொற்பொருள்களில் எனக்கு நம்பிக்கை இல்லை' என்று வைத்தார். அவர் வாதம், ஒரு சொல்லுக்குள் எண்ணி எடுக்கும்படி பொருள்கள் முன்கூட்டியே உட்கார்ந்திருக்கவில்லை. இருப்பது எடுத்துக்காட்டு வாக்கியங்களின் குவியல் மட்டும். யாருக்கு என்ன தேவையோ அதற்கேற்ப அந்தக் குவியலைப் பிரிக்கிறார்கள்.

அகராதிப்பித்தன்:
குவியல் என்றதும் சொல்லவேண்டும், அகராதி உண்மையிலேயே அப்படித்தான் உருவானது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியராக ஜேம்ஸ் மர்ரே இருந்த காலத்தில் தன்னார்வலர்கள் புத்தகங்களைப் படித்து, ஒரு துண்டுச் சீட்டுக்கு ஒரு மேற்கோள் என்று எழுதி அனுப்பினார்கள். அவற்றை மேசையில் பரப்பி, ஒத்த பொருள் உள்ளவற்றைக் கட்டுகளாகப் பிரிப்பதுதான் ஆசிரியர்களின் வேலை. முதல் பகுதி 1884, கடைசிப் பகுதி 1928. மர்ரே 1915இலேயே போய்ச்சேர்ந்துவிட்டார். நிரல்காரன் சொல்வது சரி, கட்டுகளை இறைவன் பிரித்துத் தரவில்லை. ஆனாலும் பிரித்தவர்கள் மனம்போன போக்கில் பிரிக்கவில்லை. எந்தப் பொருளிலிருந்து எது கிளைத்தது என்று ஆண்டு வாரியாகச் சான்று வைத்தார்கள். 41 என்று அடக்கியவர்களுக்கு அந்தப் பொறுப்பு இல்லை.

கடைசிபெஞ்ச்:
நன்றி அண்ணன்மாரே, அக்கா. ஆனால் சந்தேகம் பெரிதாகிவிட்டது. பொருள்களே இல்லை என்றால் நான் படிக்கும்போது எனக்கு எதுதான் புரிகிறது? பாதி இடங்களில் அகராதியைப் பார்க்காமலே புரிந்துவிடுகிறதே?

தமிழய்யா:
தம்பி, இந்தக் கேள்விக்குத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் நேரடியாகவே விடை இருக்கிறது. கிளவியாக்கம் என்ற இயலில் தொல்காப்பியர் பலபொருள் ஒருசொல்லை வினை வேறுபடுவது, வினை வேறுபடாதது என்று இரண்டாகப் பிரித்துவிட்டு, முதல் வகைக்கு இப்படி விதி சொல்கிறார்:

"வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்
தேறத் தோன்றும் பொருள்தெரி நிலையே."

மூன்று கைகாட்டிகள். கூட வரும் வினை, கூட வரும் இனம், சூழ்ந்து நிற்கும் சார்பு. உரையாசிரியர்கள் 'மா' என்ற சொல்லை எடுத்து விளக்குவார்கள். மா என்றால் மரமும் உண்டு, விலங்கும் உண்டு. 'மா பூத்தது' என்றால் ஐயமே இல்லை, குதிரை பூக்காது. 'மா வீழ்ந்தது' என்றால் மரமும் விழும், விலங்கும் விழும். அப்போது சொல்பவன் கூடுதலாக ஒரு சொல் போட்டு விளக்கவேண்டும். அதுதான் வினை வேறுபடாத வகை.

உன் 'ரன்' வினைச்சொல் ஆகையால் இங்கே அது தலைகீழாக வேலை செய்கிறது. வினை நிலையாக நிற்க, எழுவாயும் செயப்படுபொருளும் பொருளைத் தெரிவிக்கின்றன. மூக்கு என்றால் ஒழுகல், கம்பெனி என்றால் நடத்தல். விதி மாறவில்லை, பொருளைக் காட்டிக்கொடுக்கும் சொல்தான் மாறுகிறது.

நிரல்காரன்:
ஐயா, இது அப்படியே எங்கள் துறையின் பாடம். பிரிட்டனில் ஜே. ஆர். ஃபர்த் என்ற மொழியியலாளர் 1957இல், ஒரு சொல்லை அது சேரும் கூட்டாளிகளை வைத்துத்தான் அறியவேண்டும் என்றார். இன்றைய மொழிக் கணினியியலின் தாரக மந்திரமே அதுதான். இனமும் சார்பும்!

இதில் கணினி எப்படித் தடுமாறியது என்பது நல்ல கதை. 1960இல் யெஹோஷுவா பார்-ஹில்லெல் என்ற இயந்திர மொழிபெயர்ப்பு ஆய்வாளர் ஒரு சாதாரண வாக்கியத்தைக் காட்டினார். ஜான் என்ற சிறுவன் தன் பொம்மைப் பெட்டியைத் தேடுகிறான். கடைசியில் கிடைக்கிறது: 'தி பாக்ஸ் வாஸ் இன் தி பென்'. பேனாவுக்குள் பெட்டி எப்படி இருக்கும்? இங்கே 'பென்' என்பது குழந்தைகள் விளையாட அடைத்துவைக்கும் சிறு தடுப்பு. பேனா பெட்டியைவிடச் சிறியது, தடுப்பு பெரியது என்ற உலக அறிவு இல்லாமல் இயந்திரம் இதைப் பிரிக்கவே முடியாது, ஆகவே முழுத் தானியங்கி உயர்தர மொழிபெயர்ப்பு கைகூடாது என்று வாதாடினார். அந்தச் சந்தேகம் பல ஆண்டுகள் துறையைத் துரத்தியது.

2013இல் வந்த 'வேர்ட்-டு-வெக்' என்ற கணினி முறை ஒவ்வொரு சொல்லையும் எண்களின் ஒரு வரிசையாக மாற்றியது. ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரே வரிசை. 'ரன்'னின் அத்தனை பொருளும் அந்த ஒன்றுக்குள் நசுங்கிக் கிடந்தன. 2018இல் 'எல்மோ', 'பெர்ட்' ஆகிய கணினி மொழி மாதிரிகள் வந்தபிறகுதான், அந்தந்த வாக்கியத்தில் அந்தச் சொல்லுக்குத் தனி வரிசை என்ற நிலை வந்தது. பொருள்களுக்கு நம்பர் போட்டுக்கொடுக்கும் வேலையையே கைவிட்டபிறகுதான் கணினி தேறியது என்பது என் வாதத்துக்கு வலு.

பொருள்தேடி:
எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். 'ரன்'னுக்கு அடியில் ஒரே ஒரு பொருள் இருக்கிறது: நிற்காமல் ஒரு தடத்தில் போய்க்கொண்டே இருப்பது. ஆறு அப்படித்தான் போகிறது, மூக்கும் அப்படித்தான். இயந்திரம் நிற்காமல் சுழல்கிறது. கம்பெனியை நிற்காமல் சுழலவைப்பவர் அதை 'ரன்' செய்கிறார். தேர்தல் ஒரு பந்தயம், அதில் ஓடுகிறார்கள். தொடர்ந்து அதிர்ஷ்டம் அடித்தால் அது ஒரு 'ரன்'. காலுறையில் ஒரு இழை அறுந்து நீளமாகப் பிரிந்துகொண்டே போனால் அதுவும் 'ரன்'. சாலை ஆற்றை ஒட்டி 'ரன்' ஆகிறது என்கிறார்கள், சாலையா நகர்கிறது? நம் பார்வைதான் அதன்மேல் ஓடுகிறது. இதற்கு லெனர்ட் டால்மி என்ற மொழியியலாளர் கற்பனை இயக்கம் என்ற பொருளில் ஒரு பெயரே வைத்திருக்கிறார். நாமும் 'மலைத்தொடர் தெற்கே செல்கிறது' என்கிறோமே.

ஒரு மையம், பல கிளை. மையத்தைப் பிடித்தால் 645ம் தானாக வரும். கடைசிபெஞ்ச், இதை மட்டும் மனதில் வையுங்கள்.

வெண்மதி:
தானாக வராது. வந்தபிறகு விளக்கம் சொல்லத்தான் மையம் உதவும்.

உங்கள் மையப்பொருளை வைத்துக்கொண்டு முன்கூட்டிச் சொல்லுங்கள் பார்க்கலாம். காய்ச்சலை 'ரன்' செய்யலாம், இருமலை ஏன் 'ரன்' செய்யக்கூடாது? இருமலும்தான் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. அமெரிக்காவில் தேர்தலில் 'ரன்' செய்பவர், அட்லாண்டிக்கைத் தாண்டினால் 'ஸ்டேண்ட்', அதாவது நிற்கிறார். ஒரே காரியம், ஓடுவதும் நிற்பதும்! தமிழிலும் தேர்தலில் நிற்கத்தானே செய்கிறோம். காலுறையில் அமெரிக்கர் 'ரன்' என்பதை பிரிட்டனில் 'லேடர்', ஏணி என்பார்கள். மையம் ஒன்றுதான் என்றால் ஏணி எங்கிருந்து வந்தது?

எதை எந்த வினையோடு கட்டுவது என்பது அந்தந்த ஊர்ப் பேச்சு தேர்ந்துகொண்ட வழக்கம். தேர்ந்ததற்கு ஒரு காரணம் இருக்கும், ஆனால் அந்தக் காரணம் வேறு தேர்வையும் அனுமதித்திருக்கும். அதனால்தான் பிரெஞ்சு இயந்திரம் நடக்கிறது. ஜெர்மனில் 'லாஃபன்' என்ற வினையோ மூக்குக்கும் ஆகும், படத்துக்கும் ஆகும்.

பொருள்தேடி:
விளக்கம் மட்டும்தான் என்றாலும் அது சிறிய விஷயமா? படிப்பவருக்கு வேண்டியது புரிதல்தானே. கடைசிபெஞ்ச் எழுதப்போவதில்லை, வாசிக்கிறார். வாசிப்பவருக்கு முன்கணிப்பு வேண்டாம், வந்ததைப் புரிந்துகொண்டால் போதும். 'பாதி இடங்களில் தானாகப் புரிகிறது' என்றாரே, அது எப்படி? மையம் இருப்பதால்தான்.

வெண்மதி:
வாசிப்புக்கு ஒப்புக்கொள்கிறேன். எழுத உட்கார்ந்தால் என்னிடம்தான் வருவார், பாருங்கள்.

அகராதிப்பித்தன்:
'ரன்'னின் வேரைப் பார்த்தால் பொருள்தேடி கொஞ்சம் சந்தோஷப்படலாம், கொஞ்சம் வருத்தப்படலாம். அதன் சகோதரச் சொல் ஜெர்மனில் 'ரின்னன்'. அங்கே அது ஓடுவது இல்லை, நீர் வழிவது. பழைய ஆங்கிலத்திலேயே மனிதன் ஓடுவதற்கும் நீர் ஓடுவதற்கும் இந்தச் சொல் இருந்தது. ஆகவே முதலில் கால் ஓடியது, பிறகு உருவகமாக ஆறு ஓடியது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். நம் 'ஓடு'வும் 'ஓடை'யும் போலத்தான்.

கிரிக்கெட்டையும் சொல்லிவிடுகிறேன். 18ஆம் நூற்றாண்டில் ஓட்டத்துக்கு 'நாட்ச்' என்று பெயர், அதாவது வெட்டுக்குறி. கணக்கெழுதுபவர் ஒரு குச்சியில் கத்தியால் குறி வெட்டுவார். பிறகுதான் 'ரன்' நிலைத்தது. இப்போது சிக்ஸர் அடித்துவிட்டு மட்டையாளர் அசையாமல் நின்றாலும் ஆறு 'ரன்'. ஓட்டமே இல்லாத ஓட்டம். அதை நாமும் ஆறு ஓட்டங்கள் என்று அப்படியே எழுதிக்கொண்டோம், யாருக்கும் உறுத்தவில்லை.

கடைசிபெஞ்ச்:
இது பிடித்திருக்கிறது! சரி, 'செட்'டுக்கும் இப்படி ஒரு மையம் உண்டா? சூரியன் 'செட்' ஆகிறது, சிமென்ட் 'செட்' ஆகிறது, சினிமா செட், டென்னிஸ் செட், கணக்கில் செட், டிவி செட். எனக்கு ஒன்றும் செட் ஆகவில்லை.

அகராதிப்பித்தன்:
'செட்' ஒரு ஆள் இல்லை, இரண்டு ஆள். அதுதான் அதன் ரகசியம்.

வினை 'செட்' பழைய ஆங்கிலச் சொல். 'சிட்', உட்கார் என்பதன் பிறவினை அது: உட்காரவை. வைப்பது, பொருத்துவது, நிலைபெறுவது எல்லாம் அங்கிருந்து வந்தவை. சிமென்ட் இறுகுவது, சூரியன் கீழே போய் அமர்வது, மேடையில் அமைத்து வைக்கும் சினிமா செட், எல்லாம் இந்தக் குடும்பம்.

ஒரே வகைப் பொருள்களின் தொகுதி என்ற 'செட்' வேறு குடும்பம். பழைய பிரெஞ்சின் 'செத்', அதற்கும் முன்னால் லத்தீனின் 'செக்தா'. ஒரு குருவைப் பின்பற்றும் கூட்டம் என்று பொருள், ஆங்கிலத்தின் 'செக்ட்' என்ற சொல்லுக்கும் அதுதான் தாய். உச்சரிப்பு ஒன்றானதால் இரண்டும் ஒன்றையொன்று தின்று, இன்று எங்கே ஒன்று முடிகிறது, எங்கே மற்றது தொடங்குகிறது என்று பிரிப்பதே கடினம்.

'பேட்' இன்னும் தெளிவான உதாரணம். வௌவாலும் மட்டையும் முற்றிலும் வேறு வேர்கள், தற்செயலாக ஒரே உருவம். ஒரு வேரிலிருந்து கிளைத்த பல பொருளுக்கு மிஷேல் பிரேயால் என்ற பிரெஞ்சு அறிஞர் 1897இல் 'பொலிசெமி' என்று பெயர் வைத்தார். வௌவாலும் மட்டையும் அந்தக் கணக்கில் வராது. ஒருமையத்தார் இதை மறந்துவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

தமிழய்யா:
நம்மிடமும் அதே. ஓடு என்றால் ஓடுதல், ஓடு என்றால் கூரை ஓடு, ஆமை ஓடு, 'அவனோடு' என்பதில் மூன்றாம் வேற்றுமை உருபு. முதலாவதை மற்றவற்றோடு உறவாக்கப் பார்த்தால் ஆமை ஓடிவிடும். நிகண்டுக்காரர்கள் இந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி முழுக்க ஒருசொற் பல்பொருள்தான், ஆனால் வேர் ஒன்றா பலவா என்று ஆராயாமல் எல்லாவற்றையும் செய்யுளில் அடுக்கிக்கொண்டே போவார்கள். மனப்பாடத்துக்கு அது வசதி. எதுகை முறையில் அடுக்கியிருப்பதால் வாயில் நிற்கும்.

பிறவினை பற்றிச் சொன்னது மிக முக்கியம். சிட்–செட் போல 'லை–லே', 'ரைஸ்–ரெய்ஸ்' என்று சில இணைகள் மட்டும் அங்கே பிழைத்திருக்கின்றன. நமக்கு அது உயிருள்ள இலக்கணம்: ஓடு–ஓட்டு, ஆடு–ஆட்டு, அமர்–அமர்த்து. குதிரை ஓடுகிறது, அவன் ஓட்டுகிறான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ரன்'. பெயராக்க வேண்டுமென்றால் நாம் ஓட்டம் என்று விகுதி சேர்ப்போம், அவர்கள் 'ரன்' என்றே விட்டுவிடுவார்கள். நாம் மூன்று உருவங்களுக்குப் பகிர்ந்துகொடுக்கும் சுமையை அங்கே ஒரே உருவம் தூக்குகிறது. பொருள் எண்ணிக்கை பெருகியதில் பாதி இதனால்தான் என்பது என் கருத்து.

நிரல்காரன்:
மீதிப் பாதிக்கு ஜிப்ஃப். ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிப்ஃப் என்ற மொழியியலாளர் 1945இல் சொன்னது, ஒரு சொல் எவ்வளவு அடிக்கடி வருகிறதோ அந்த எண்ணின் வர்க்கமூலத்தை ஒட்டி அதன் பொருள்களின் எண்ணிக்கை அமையும். தோராயமாக, நூறு மடங்கு அதிகம் புழங்கும் சொல்லுக்குப் பத்து மடங்கு அதிகப் பொருள். கடைசிபெஞ்ச், பெரிய சொல் படுத்துவதில்லை, பொடிசுதான் படுத்துகிறது என்று ஆரம்பத்தில் சொன்னீர்களே, விதியே அதுதான். ஒளிச்சேர்க்கையைத் தினமும் யாரும் சொல்வதில்லை.

வெண்மதி:
தமிழில் இந்த விதிக்குச் சாட்சி வேண்டுமென்றால் 'போடு'. சட்டை போடு, கையெழுத்து போடு, கணக்கு போடு, சண்டை போடு, கேஸ் போடு, ஓட்டு போடு, விளக்கைப் போடு, பாட்டுப் போடு, குட்டி போடு, மொக்கை போடு. இதில் 'விளக்கைப் போடு' என்பதைப் புதிதாகத் தமிழ் கற்கும் யாரிடமாவது சொன்னால் கீழே போட்டு உடைத்துவிடுவார். பொருள்தேடி, இதற்கு ஒரு மையம் சொல்லுங்களேன்.

பொருள்தேடி:
மேலிருந்து ஒன்றை இன்னொன்றின்மேல் விழச்செய்வது. சட்டை உடம்பின்மேல், கையெழுத்து தாளின்மேல், கேஸ் ஆளின்மேல். மொக்கை கேட்பவன்மேல்.

வெண்மதி:
மொக்கைக்கு மட்டும் முழு மதிப்பெண். 'விளக்கைப் போடு'வுக்குப் பதில் வரவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன்.

கடைசிபெஞ்ச்:
சரி, கற்பது எப்படி என்று யாராவது சொல்லுங்கள். எந்த அகராதியை வைத்துக்கொள்வது?

வெண்மதி:
ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதியை இப்போதைக்கு மூடிவையுங்கள். அதில் பொருள்கள் வரலாற்று வரிசையில் இருக்கும், முதலில் வருவது இன்று புழக்கத்திலேயே இல்லாததாக இருக்கலாம். கற்பவர்களுக்கென்று உள்ள அகராதிகளில் அதிகம் புழங்கும் பொருள் முன்னால் வரும். பர்மிங்காமில் ஜான் சின்க்ளேர் தலைமையில் 1987இல் வந்த 'கோபில்ட்' இந்த வகையில் முன்னோடி. பெருமளவில் திரட்டிய நிஜ வாக்கியங்களைப் பார்த்து எழுதியது, பொருளையே முழு வாக்கியமாகத்தான் சொல்லும். 'ஒருவர் ஒரு கம்பெனியை ரன் செய்தால்...' என்று ஆரம்பிக்கும். கூட்டாளிச் சொல்லும் பொருளும் ஒரே மூச்சில் வந்துவிடும்.

நோட்டில் குறிக்கும்போது 'ரன்' என்று தலைப்புப் போட்டுக் கீழே பொருள்களை எழுதாதீர்கள். அது நாளைக்கே மறக்கும். ரிஸ்க் என்று எழுதி அதன் பக்கத்தில் ரன், டேக். ஃபீவர் என்று எழுதி ரன். பெயர்ச்சொல்லை முன்னால் வையுங்கள், வினையை அதன் பின்னால் கட்டுங்கள். ஐயா சொன்ன தலைகீழ்தான் இது.

கடைசிபெஞ்ச்:
இதை இன்றே தொடங்குகிறேன் அக்கா. கடைசியாக ஒன்று. 'தி அலாரம் வென்ட் ஆஃப்' என்றால் அலாரம் அடிக்க ஆரம்பித்தது. 'தி லைட்ஸ் வென்ட் ஆஃப்' என்றால் விளக்கு அணைந்தது. ஒரே சொற்கள், ஒன்றில் தொடக்கம், ஒன்றில் முடிவு. இதற்கு மேல் என்ன அநியாயம் இருக்கிறது?

பொருள்தேடி:
இதற்கு நான் பதில் சொல்கிறேன். 'ஆஃப்' (off) என்பதும் 'அவ்' (of) என்று உச்சரிக்கும் சின்ன முன்னிடைச்சொல்லும் முன்பு ஒரே சொல்தான், பின்னால் பிரிந்தன. விட்டு விலகுவது என்பது அடிப்படை. சும்மா இருந்த அலாரம் அந்தச் சும்மா நிலையை விட்டு விலகியது, அதனால் அடித்தது. எரிந்துகொண்டிருந்த விளக்கு எரியும் நிலையை விட்டு விலகியது, அதனால் அணைந்தது. எந்த நிலையிலிருந்து விலகியது என்பதுதான் வேறு. துப்பாக்கி வெடிப்பதற்கும் இதே 'வென்ட் ஆஃப்'.

வெண்மதி:
நல்ல விளக்கம். அநியாயம் என்று சொல்லுமுன் நம் 'விடு'வைப் பாருங்கள். மழை விட்டுவிட்டது என்றால் நின்றது. புதிதாக பஸ் விட்டிருக்கிறார்கள் என்றால் தொடங்கியது. ராக்கெட் விட்டார்கள், தொடக்கம். சிகரெட்டை விட்டான், முடிவு.

குறும்பன்:
அவன் பட்டம் விட்டான், மேலே பறக்குது. அவன் பட்டத்தை விட்டுட்டான், போச்சு.

தமிழய்யா:
குறும்பா, விளையாட்டாய்ச் சொன்னாலும் அதில் இலக்கணம் இருக்கிறது. 'பட்டம் விட்டான்' என்பதில் பட்டம் வினையோடு ஒட்டி ஒரு செயலின் பெயராகவே ஆகிவிட்டது. இரண்டாம் வேற்றுமை தொக்கு நிற்கிறது. 'பட்டத்தை' என்று ஐ உருபு விரிந்ததும் அது கையிலிருந்த குறிப்பிட்ட ஒரு பொருள். அதன்மேல் 'விட்டு' என்ற துணைவினையும் ஏறி, செயல் கைமீறி முடிந்துவிட்டதைக் காட்டுகிறது. 'மழை விட்டது' என்பதில் செயப்படுபொருளே இல்லை, மழைதான் எழுவாய். ஆங்கிலத்தில் 'ஆஃப்' தனியாகத் தவிக்கும் இடத்தில் நமக்கு உருபும் துணைவினையும் கைகொடுக்கின்றன. எங்கே கைகொடுக்கவில்லை என்று பார்க்கவேண்டுமா? 'அவன் காரை எடுத்தான்' என்று எழுதிப்பார், கிளப்பினானா, வாங்கினானா?

கடைசிபெஞ்ச்:
ஐயா, திருடினானா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.